தொலைவுக் கருந்துளைகளை நிறுக்கும் முறை: எதிரொலி வரைவும் அதன் எல்லைகளும்

ஆய்வுச்சுருக்கம்

தொலைவிலுள்ள விண்மீன் பேரடைகளின் மையத்தில் வளிமத்தை ஈர்த்து வளரும் மீப்பெருங் கருந்துளைகளை எந்தத் தொலைநோக்கியாலும் நேரடியாகக் காண இயலாது. எனினும் அவற்றின் நிறை இத்தனை கோடிச் சூரிய நிறை என்று வானியல் ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. அந்த எண் எவ்வாறு பெறப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒளிமாற்றத்தின் காலத் தாமதத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் எதிரொலி வரைவு முறை, அதிலிருந்து உருவாக்கப்பட்ட ஒற்றை நிறமாலை முறை, இரண்டையும் சரிபார்க்கும் குறுக்கீட்டுமான அளவீடு ஆகியன முறையே ஆராயப்படுகின்றன. நிறை அளவீட்டில் நேரும் பிழை, தொடக்ககால அண்டம் பற்றிய எல்லா முடிவுகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை என்பது இக்கட்டுரையில் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மீப்பெருங் கருந்துளை, குவேசார், திரள்வட்டு, அகன்ற உமிழ்கோடு, எதிரொலி வரைவு, எடிங்டன் வரம்பு, செம்பெயர்ச்சி.

முன்னுரை

1943ஆம் ஆண்டு கார்ல் சேஃபர்ட் என்னும் அமெரிக்க வானியலாளர், சில விண்மீன் பேரடைகளின் மையப்பகுதி வழக்கத்திற்கு மாறான நிறமாலையைக் கொண்டிருப்பதை எடுத்துக்காட்டினார். அவற்றின் உமிழ்கோடுகள் மிகவும் அகன்றிருந்தன. ஒளியை உமிழும் வளிமம் நம்மை நோக்கியும் நம்மை விட்டு விலகியும் விரைந்து இயங்கினால், டாப்ளர் விளைவினால் கோடு இருபுறமும் விரியும். சேஃபர்ட் கண்ட அகலம், வளிமம் விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் இயங்குவதைக் காட்டியது. அவ்வேகத்திற்குக் காரணம் யாதென அப்போது அறியப்படவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1963இல், மார்ட்டென் ஷ்மிட் 3சி 273 என்னும் ரேடியோ மூலத்தின் நிறமாலையை ஆராய்ந்து, அதன் கோடுகள் ஏறத்தாழ 16 விழுக்காடு சிவப்பை நோக்கி இடம்பெயர்ந்துள்ளதைக் கண்டறிந்தார். விண்மீனைப் போலத் தோன்றிய அப்பொருள் 240 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்தது. அத்தொலைவிலிருந்தும் அவ்வளவு ஒளியுடன் தெரிய வேண்டுமெனில், அது ஒரு முழுப் பேரடையைவிடப் பன்மடங்கு ஒளிர வேண்டும். இத்தகைய பொருள்களே குவேசார்கள் எனப்பட்டன.

குவேசார்களின் ஒளி சில நாள்களிலோ வாரங்களிலோ கூடிக் குறைவதும் கண்டறியப்பட்டது. ஒரு பொருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி செல்ல ஒரு மாதம் ஆகுமெனில், அப்பொருள் முழுவதும் ஒரே நாளில் ஒருசேர ஒளி மாறுவது இயலாது. எனவே பேரடையினும் மிகுந்த ஒளியைத் தரும் அப்பகுதி, ஞாயிற்றுக் குடும்பத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்குச் சிறியது என்ற முடிவு பெறப்பட்டது. காலத்தைக் கொண்டு இடத்தை அளக்கும் இந்த எளிய தருக்கமே பின்னாளில் ஓர் அளவீட்டு முறையாக வளர்ந்தது.

கருந்துளை ஒளிரும் வகை

கருந்துளையிலிருந்து ஒளி வெளிவருவதில்லை. அதனுள் விழுமுன் வளிமமே ஒளிர்கிறது. 1964இல் எட்வின் சால்பீட்டரும் யாகோவ் செல்டோவிச்சும் தனித்தனியே இக்கருத்தை முன்வைத்தனர். 1969இல் டொனால்ட் லிண்டன்-பெல் அதனைப் பேரடை மையங்களுக்கு விரித்துரைத்தார். சுழற்சியுடன் வரும் வளிமம் நேராக மையத்தில் விழாது. வட்டு வடிவில் திரண்டு சுற்றும். இதுவே திரள்வட்டு. வட்டின் உள்ளடுக்கு விரைவாகவும் வெளியடுக்கு மெதுவாகவும் சுற்றுவதால் அடுக்குகளுக்கிடையே உராய்வு போன்ற இழுவை ஏற்படுகிறது. வளிமம் தன் சுழற்சியை வெளிப்புறத்திற்குக் கடத்திவிட்டுப் படிப்படியாக உள்ளிறங்கும். இறங்கும்போது வெப்பமுற்று ஒளிரும். அந்த இழுவைக்குக் காந்தப்புலத்தால் எழும் ஒரு நிலையின்மையே காரணம் என்பதை 1991இல் ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் விளக்கினர். அந்நிலையின்மையின் கணித அடிப்படையை 1960இலேயே சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறொரு சூழலில் ஆராய்ந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வழியே கிடைக்கும் ஆற்றல் மிகப் பெரிது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும் அணுக்கருப் பிணைவில் நிறையின் 0.7 விழுக்காடு மட்டுமே ஆற்றலாகிறது. திரள்வட்டிலோ, கருந்துளையின் சுழற்சியைப் பொறுத்து, ஏறத்தாழ 6 முதல் 40 விழுக்காடு வரை ஆற்றலாகலாம். 10 விழுக்காடு என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பு. இதன்படி, சூரியனைப் போல 10 லட்சம் கோடி மடங்கு ஒளிரும் குவேசார் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு சூரிய நிறை வளிமத்தை உட்கொண்டால் போதுமானது.

உட்கொள்ளும் அளவிற்கும் ஓர் எல்லை உண்டு. ஒளி மிகுந்தால் அதன் அழுத்தம் உள்வரும் வளிமத்தை வெளியே தள்ளும். ஈர்ப்பும் ஒளியழுத்தமும் சமமாகும் அந்நிலை எடிங்டன் வரம்பு எனப்படும். நிறை மிகுந்த கருந்துளைக்கு வரம்பும் அதே விகிதத்தில் உயரும். ஆகவே ஒளிர்திறனை மட்டும் அறிந்தால், கருந்துளையின் நிறை குறைந்தது எவ்வளவு என்று சொல்ல இயலுமேயன்றி, உண்மையில் எவ்வளவு என்று சொல்ல இயலாது. நிறையை அறிய வேறு வழி தேவைப்படுகிறது.

நேரடிக் காட்சியின் எல்லை

ஈர்ப்பு மையத்தைச் சுற்றும் ஒரு பொருளின் வேகமும் சுற்றுப்பாதையின் ஆரமும் தெரிந்தால் மையத்தின் நிறையைக் கணக்கிடலாம். நமது பால்வீதியின் மையத்தில் தனித்தனி விண்மீன்களின் பாதைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, அங்குள்ள கருந்துளை ஏறத்தாழ 43 லட்சம் சூரிய நிறை கொண்டது என்று அறியப்பட்டது. இதற்காக ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸும் 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நிகழ்வெல்லைத் தொலைநோக்கி என்னும் உலகளாவிய ரேடியோ வலையமைப்பு, 2019இல் எம்87 பேரடையின் கருந்துளை நிழலையும், 2022இல் பால்வீதி மையத்தின் நிழலையும் படமாக வெளியிட்டது.

இவ்வழிகள் தொலைவுப் பேரடைகளுக்குப் பொருந்தா. ஏறத்தாழ 24.5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்ஜிசி 5548 என்னும் சேஃபர்ட் பேரடையை எடுத்துக்கொள்ளலாம். அதன் அகன்ற கோடுகளை உமிழும் வளிமம் மையத்திலிருந்து ஏறத்தாழ 20 ஒளிநாள் தொலைவில் உள்ளது. அவ்வளவு தொலைவிலிருந்து நோக்கும்போது அந்த இடைவெளி ஏறத்தாழ 46 மைக்ரோ வில்நொடிக் கோணமாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு வில்நொடி. அதன் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ வில்நொடி. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பிரித்தறியக்கூடிய கோணமோ ஏறத்தாழ 0.05 வில்நொடி. தேவைப்படுவது அதன் ஆயிரத்தில் ஒரு பங்காகும்.

எதிரொலி வரைவு

இடத்தால் பிரித்தறிய இயலாததைக் காலத்தால் பிரித்தறியலாம் என்பதே எதிரொலி வரைவு முறையின் அடிப்படை. திரள்வட்டின் ஒளி திடீரெனக் கூடும்போது, அச்செய்தி ஒளியாகவே எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. ஒரு பகுதி நேராக நம்மை வந்தடைகிறது. மற்றொரு பகுதி சூழ்ந்துள்ள வளிமத்தை முதலில் சென்றடைந்து, அதனை மிகுதியாக ஒளிரச் செய்து, அதன்பின் உமிழ்கோடாக நம்மை வந்தடைகிறது. எனவே உமிழ்கோட்டின் ஏற்றம், வட்டொளியின் ஏற்றத்திற்குப் பிந்தியே காணப்படும். பிந்தும் நாள்களை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் வளிமத்தின் சராசரித் தொலைவு கிடைக்கும். மலைமுகட்டில் மோதித் திரும்பும் ஒலியின் தாமதத்திலிருந்து மலையின் தொலைவை அறிவது போன்றது இது. 1982இல் ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் கிறிஸ்டோஃபர் மெக்கீயும் இம்முறைக்குரிய கணிதத்தை வகுத்துப் பெயரும் இட்டனர்.

கொள்கை எளிதாயினும் செயற்படுத்துவது கடினம். தாமதம் சில நாள்களே ஆகலாம். ஆகவே பல மாதங்கள் இடைவிடாது நோக்க வேண்டும். 1988 டிசம்பரில் தொடங்கி எட்டு மாதங்கள், நான்கு நாள்களுக்கு ஒருமுறை, பன்னாட்டுப் புறஊதாச் செயற்கைக்கோளும் தரைத் தொலைநோக்கிகளும் என்ஜிசி 5548ஐக் கண்காணித்தன. தரையிலிருந்து செய்யப்பட்ட கண்காணிப்பு அதன்பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது. ஹைட்ரஜன் பீட்டா என்னும் கோடு சில ஆண்டுகளில் ஆறேழு நாள்களும், வேறு சில ஆண்டுகளில் இருபது நாள்களுக்கு மேலும் பிந்தியது. வட்டொளி மிகுந்த ஆண்டுகளில் தாமதமும் மிகுந்தது.

தாமதம் ஆரத்தைத் தருகிறது; கோட்டின் அகலம் வேகத்தைத் தருகிறது. ஆரத்தை வேகத்தின் இருபடியால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் நிறை கிடைக்கும். ஆரம் 20 ஒளிநாள், வேகம் விநாடிக்கு 2,000 கிலோமீட்டர் எனக் கொண்டால், கிடைக்கும் மதிப்பு ஏறத்தாழ 1.6 கோடிச் சூரிய நிறை. இம்மதிப்பை வடிவக் காரணி என்னும் எண்ணால் பெருக்க வேண்டும். வளிமம் வட்டாக உள்ளதா, கோளமாக உள்ளதா, நமது பார்வைக்கு எவ்வளவு சாய்ந்துள்ளது என்பன தெரியாத நிலையில், அவற்றின் விளைவைச் சராசரியாக ஈடுசெய்யும் எண் அது. அதன் மதிப்பு 4 முதல் 5 வரை எனக் கொள்ளும்போது, நிறை ஏறத்தாழ 7 கோடிச் சூரிய நிறை ஆகிறது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். வளிமத்தின் வேகம் ஈர்ப்பினால் விளைந்தது என்பதற்குச் சான்று யாது? மையத்திலிருந்து வீசும் காற்றும் கோட்டை அகலப்படுத்தக்கூடும் அல்லவா? 1999இல் பிராட்லி பீட்டர்சனும் அமிரி வாண்டலும் இதற்கு விடை கண்டனர். என்ஜிசி 5548இன் வெவ்வேறு கோடுகள் வெவ்வேறு தாமதத்தைக் காட்டுகின்றன. அயனியுற்ற ஹீலியத்தின் கோடு சில நாள்களே பிந்துகிறது. ஆனால் மிக அகன்றது. ஹைட்ரஜன் பீட்டா பல நாள்கள் பிந்துகிறது. அதன் அகலம் குறைவு. ஆரம் நான்கு மடங்கானால் வேகம் பாதியாக வேண்டும் என்ற கோள் இயக்க விதிக்கு இவை இயைந்து அமைந்தன. இம்முறையின் வலுவான சான்று இதுவே எனலாம்.

ஏணியின் அடுத்த படி

எதிரொலி வரைவு ஒவ்வொரு பேரடைக்கும் பல மாத உழைப்பை வேண்டுவது. தொலைவுக் குவேசார்களுக்கு அது பல ஆண்டுகளாக நீளும். ஒளி மிகுந்த குவேசாரில் வளிமம் தொலைவில் இருப்பதால் தாமதமே ஓர் ஆண்டைத் தாண்டலாம். மேலும், அண்டம் விரிவதால் தொலைவில் நிகழ்பவை நமக்கு மெதுவாகத் தோன்றும். செம்பெயர்ச்சி 2 உடைய குவேசாரில் ஓராண்டுத் தாமதம் நமக்கு மூன்றாண்டாக வந்து சேரும்.

இதற்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. எதிரொலி வரைவால் அளக்கப்பட்ட பேரடைகளை ஒப்பிட்டபோது, வளிமத்தின் ஆரம் ஒளிர்திறனின் இருபடி மூலத்திற்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் அமைந்திருப்பது தெரிந்தது. மிஸ்டி பென்ட்ஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடுக்கை 0.53 என மதிப்பிட்டது. ஆகவே ஒளிர்திறனை அளந்தால் ஆரத்தை ஊகிக்கலாம். தாமதத்தை அளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நிறமாலை போதும். ஸ்லோன் விண்மதிப்பீட்டின் பதினாறாம் வெளியீடு ஏழரை லட்சம் குவேசார்களைப் பட்டியலிட்டுள்ளது. இவ்வளவு பெருந்தொகையான பொருள்களுக்கு நிறை கூற வேண்டுமெனில் இக்குறுக்குவழியே துணை.

இதனை ஓர் ஏணியாக உருவகிக்கலாம். முதற்படி, அண்மைப் பேரடைகளில் விண்மீன், வளிம இயக்கத்தால் அளந்த நிறை. 2000ஆம் ஆண்டில் இரு குழுவினர் கண்டறிந்த, கருந்துளை நிறைக்கும் பேரடை மையப்பகுதி விண்மீன்களின் வேகப் பரவலுக்கும் இடையிலான தொடர்பு இப்படியைச் சார்ந்தது. இரண்டாம் படி, எதிரொலி வரைவு. அதன் வடிவக் காரணி முதற்படியைக் கொண்டே அளவுதிருத்தம் செய்யப்படுகிறது. மூன்றாம் படி, ஒற்றை நிறமாலை முறை. மூன்றாம் படியில் நிற்கும் நிறை ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மடங்கு வரை கூடவோ குறையவோ இருக்கலாம்.

படிகள் ஆட்டம் காணும் இடங்கள்

2014இல் என்ஜிசி 5548ஐ ஹபிள் தொலைநோக்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் நாள்தோறும் நோக்கியது. அக்காலத்தின் நடுவில், இரண்டு மாத அளவுக்கு, உமிழ்கோடுகள் வட்டொளியின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றவில்லை. வட்டிற்கும் வளிமத்திற்கும் இடையே ஏதோ ஒரு திரை ஒளியை மறைத்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. அதே ஆண்டில் ஹைட்ரஜன் பீட்டாவின் தாமதம், ஒளிர்திறன் தொடர்பின்படி எதிர்பார்த்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவே இருந்தது. மிக நன்றாக ஆராயப்பட்ட பேரடையிலேயே குறுக்குவழி தவறியது என்பது நோக்கத்தக்கது.

சீனாவின் லிஜியாங் 2.4 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு, எடிங்டன் வரம்பை ஒட்டியோ மீறியோ உட்கொள்ளும் பேரடைகள் தனியே ஆராயப்பட்டன. அவற்றிலும் தாமதம் எதிர்பார்ப்பைவிடப் பன்மடங்கு குறைந்தது. ஆகவே பெருந்தீனி கொள்ளும் கருந்துளைகளுக்குக் குறுக்குவழி நிறையை மிகைப்படுத்திக் கூறக்கூடும்.

இடத்தால் சரிபார்த்தல்

காலத்தால் அளந்ததை இடத்தால் சரிபார்க்கும் வாய்ப்பு அண்மையில்தான் கிட்டியது. சிலி நாட்டின் பரானல் மலையில் உள்ள நான்கு 8 மீட்டர்த் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைக்கும் கிராவிட்டி என்னும் குறுக்கீட்டுமானி, 2018இல் 3சி 273இன் அகன்ற கோட்டு வளிமத்தை அளந்தது. கோட்டின் நீலப் பக்க ஒளியும் சிவப்புப் பக்க ஒளியும் வானில் சற்றே வேறான இடங்களிலிருந்து வருவதை அது கண்டறிந்தது. வளிமம் மையத்தைச் சுற்றுகிறது என்பதற்கு இது நேரடிச் சான்று. பெறப்பட்ட ஆரம் 46 மைக்ரோ வில்நொடி. அதாவது ஏறத்தாழ 145 ஒளிநாள். பத்தாண்டுக் கண்காணிப்பிலிருந்து 2019இல் வெளியான எதிரொலித் தாமதமும் ஏறத்தாழ 147 நாள்கள். ஒன்றையொன்று சாராத இரு வழிகள் ஒரே எண்ணில் வந்து நின்றன.

2024இல் அதே கருவியின் மேம்பட்ட வடிவம், 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒளியை அனுப்பிய ஒரு குவேசாரின் கருந்துளை நிறையை 32 கோடிச் சூரிய நிறை என அளந்தது. அதன் வளிமம் ஒளிர்திறன் தொடர்பு கூறுவதைவிட உள்ளடங்கி இருந்தது. கருந்துளையோ எடிங்டன் வரம்பை மீறி உட்கொண்டு வந்தது. லிஜியாங் ஆய்வு அண்மைப் பேரடைகளில் கண்ட போக்கு, தொலைவிலும் நிலவுவதை இது காட்டுகிறது.

தொடக்ககால அண்டமும் பிழையின் தாக்கமும்

இவ்வளவு நுணுக்கம் ஏன் தேவைப்படுகிறது என்பதை 2021இல் அறிவிக்கப்பட்ட ஜே0313-1806 என்னும் குவேசார் விளக்கும். அதன் செம்பெயர்ச்சி 7.64. அண்டம் தோன்றி 67 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் அதன் கருந்துளை 160 கோடிச் சூரிய நிறையை எட்டியிருந்தது என மதிப்பிடப்பட்டுள்ளது.

எடிங்டன் வரம்பில் இடைவிடாது உட்கொள்ளும் கருந்துளை, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை 2.7 மடங்காகப் பெருகும். விண்மீன் ஒன்று மடிந்து உருவான 100 சூரிய நிறைக் கருந்துளை, 160 கோடிச் சூரிய நிறையாக வளர 83 கோடி ஆண்டுகள் வேண்டும். கிடைத்த காலமோ 67 கோடி ஆண்டுகள். முதல் விண்மீன்கள் தோன்றி மடிந்த காலத்தைக் கழித்தால் அதனினும் குறைவு. இம்முரணை நீக்கவே, தொடக்கத்திலேயே பெரிய வளிமத்திரள் நேரடியாகச் சரிந்து பல்லாயிரம் சூரிய நிறைக் கருந்துளையை உருவாக்கியது என்ற கருதுகோளும், எடிங்டன் வரம்பை மீறிய வளர்ச்சி என்ற கருதுகோளும் முன்வைக்கப்படுகின்றன.

நிறை அளவீடு தவறானால் இம்முரண் மறைந்துவிடுமா? உண்மை நிறை மூன்றில் ஒரு பங்கே எனக் கொண்டால், தேவையான காலம் ஐந்தரைக் கோடி ஆண்டுகள் மட்டுமே குறையும். பத்தில் ஒரு பங்கே எனினும் ஏறத்தாழ 71 கோடி ஆண்டுகள் வேண்டும். அப்போதும் காலம் போதாது. வளர்ச்சி பெருக்கல் முறையில் நிகழ்வதால், நிறையில் நேரும் பெரும்பிழை காலத்தில் சிறு மாற்றத்தையே விளைவிக்கிறது. எனவே ஒளிமிகு குவேசார்கள் எழுப்பும் காலச்சிக்கல், ஏணியின் ஆட்டத்தால் தீர்ந்துவிடுவதன்று.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022 முதல் கண்டறிந்துவரும் சிறு செம்புள்ளிகள் என்னும் பொருள்களின் நிலை வேறு. செறிந்த சிறு புள்ளிகளாகத் தோன்றும் இவற்றில் பலவும் அகன்ற ஹைட்ரஜன் கோடுகளைக் காட்டுகின்றன. ஆயினும் பெரும்பாலானவற்றில் எக்ஸ் கதிர் மிக மங்கல். ஒற்றை நிறமாலை முறையால் இவற்றுக்குப் பத்து லட்சம் முதல் பல கோடி வரை சூரிய நிறை கூறப்படுகிறது. இங்கு எழும் வினா, கருந்துளைக்கும் அதன் பேரடைக்கும் உள்ள விகிதம் பற்றியது. அண்மைப் பேரடைகளில் கருந்துளை, மையப்பகுதி விண்மீன் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு வரையே. செம்புள்ளிகள் சிலவற்றில் அது பத்தில் ஒரு பங்கையும் தாண்டுவதாகக் கூறப்படுகிறது. பேரடைக்கு முன்பே கருந்துளை வளர்ந்ததோ என்ற கேள்வி இதனால் எழுந்துள்ளது.

இவ்விகிதத்தில் நிறைப்பிழை அப்படியே பிரதிபலிக்கும்; நிறை பத்து மடங்கு குறைந்தால் விகிதமும் பத்து மடங்கு குறையும். செம்புள்ளிகளின் கோடுகள் வேகத்தால் அன்றி, அடர்ந்த வளிமத்திலுள்ள எலக்ட்ரான்களால் ஒளி சிதறடிக்கப்படுவதால் அகன்றிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். அவ்வாறாயின் கூறப்பட்ட நிறைகள் பெரிதும் குறையும். மறுபுறம், ஏபெல் 2744 பேரடைத்திரளின் ஈர்ப்பு வில்லையால் பெரிதாக்கப்பட்ட ஒரு செம்புள்ளியில், வளிமத்தின் சுழற்சியையே அளந்து ஏறத்தாழ 5 கோடிச் சூரிய நிறை பெறப்பட்டதாக 2025இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. ஒன்றிரண்டு பொருள்களைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. நேரடி அளவீடுகள் பெருக வேண்டும்.

முடிவுரை

தொலைவுக் கருந்துளையின் நிறை என்பது நேரில் கண்ட எண் அன்று. படிப்படியாகப் பெறப்பட்ட எண். அதன் அடித்தளமான எதிரொலி வரைவு, கோள் இயக்க விதியோடும் குறுக்கீட்டுமான அளவீட்டோடும் இயைந்து உறுதி பெற்றுள்ளது. அதன்மேல் எழுப்பப்பட்ட ஒற்றை நிறமாலை முறையோ, பெருந்தீனி கொள்ளும் கருந்துளைகளிடத்தில் தளர்ச்சி காண்கிறது. தொடக்ககால அண்டத்தில் கருந்துளைகள் வளர்ந்த விரைவு பற்றிய முடிவு, இத்தளர்ச்சியைத் தாங்கி நிற்கும். கருந்துளைக்கும் பேரடைக்கும் உள்ள விகிதம் பற்றிய முடிவு அதனைத் தாங்குமா என்பது இனித்தான் தெரிய வேண்டும். ஆகவே ஆய்வுரைகளில் ஒரு கருந்துளையின் நிறை குறிப்பிடப்படும்போது, அது ஏணியின் எந்தப் படியிலிருந்து பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும். சிலியின் செர்ரோ பச்சோன் மலையில் அமைந்துள்ள வேரா ரூபின் ஆய்வகம், தென்வானத்தைப் பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் படம்பிடிக்கத் திட்டமிட்டுள்ளது. ஒளிமாற்றங்களின் அந்நெடிய பதிவு, ஏணியின் இரண்டாம் படியை இதுவரை எட்டாத தொலைவுகளுக்கும் நீட்டிக்கத் துணைபுரியும்.